வரிசை மாறிய சதுரங்கம்

சதுரங்கப் பலகையில் காய்களை அடுக்கும் முறை நேயர்கள் பலரும் அறிந்ததே. இரு கோடிகளிலும் யானை, அதனை அடுத்துக் குதிரை, அதற்கடுத்து மந்திரி, நடுவில் அரசனும் அரசியும். இவற்றின் முன்னே எட்டுக் காலாட்கள். (யானையைக் கோட்டை என்போரும் உளர், நான் என் ஊர் வழக்கையே பின்பற்றுகிறேன்.) இந்த வரிசையைக் கலைத்துவிட்டு, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு புது வரிசையைக் குலுக்கி எடுத்து ஆடினால் என்ன? இது வேடிக்கைக்காகக் கேட்கப்படும் வினா அன்று. உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் இன்று இவ்வாறு ஆடிப் பட்டங்களும் பெறுகின்றனர்.

சதுரங்க விதிகள் என்றும் மாறாதவை என்று எண்ணுவோர் பலர். அஃது உண்மையன்று. நம் நாட்டுப் பழைய ஆட்டத்தில் அரசன் அருகே நின்ற காய், மூலைவாட்டில் ஒரே ஒரு கட்டம் செல்லும் எளிய அமைச்சனாகவே இருந்தது. ஐரோப்பாவில் பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில்தான் அது பலகை முழுதும் பாயும் அரசியாயிற்று. நம் நாட்டு முறையில் காலாள் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டமே செல்லும். கோட்டை கட்டுதல் கிடையாது. அதற்கு ஈடாக அரசன் ஒரே ஒரு முறை குதிரையைப் போலத் தாவலாம். ஆகவே, விதியை மாற்றுவது மரபுக்கு விரோதம் என்று வாதிடுவோர், தாம் ஆடும் ஆட்டமே பல மாறுதல்களின் விளைவு என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

இன்று மாற்றம் வேண்டப்படுவதற்குக் காரணம் நினைவாற்றலின் ஆதிக்கம். தொடக்க வரிசை ஒன்றேயாதலால், முதல் பதினைந்து இருபது நகர்த்தல்களைப் பல தலைமுறையினர் ஆராய்ந்து நூல்களாக எழுதிவைத்தனர். பின்னர்க் கணிப்பொறி வந்தது. 1997இல் உலக வெற்றியாளர் காஸ்பரோவை ஒரு கணிப்பொறி தோற்கடித்தது. இன்றோ அதனினும் வலிய நிரல்கள் வீட்டுக் கணிப்பொறியிலேயே இயங்குகின்றன. பெரிய ஆட்டக்காரர்கள் அவற்றின் துணையுடன் ஆராய்ந்து, விடைகளை மனத்தில் நிறைத்துக்கொண்டு பலகைமுன் அமர்கின்றனர். 2018இல் லண்டனில் கார்ல்சனும் கருவானாவும் உலகப் பட்டத்துக்காக ஆடிய நெடுநேர ஆட்டங்கள் பன்னிரண்டும் சமநிலையிலேயே முடிந்தன. தயாரிப்பு மட்டுமே இதற்குக் காரணம் எனல் மிகையாகும். இருவரும் பிழை செய்யாத வல்லவர்கள். ஆயினும் தயாரிப்பின் பங்கு சிறிதன்று.

ஆசிரியத் தொழிலில் இருந்தவர்களுக்கு இந்நோய் புதிதன்று. எங்கள் பள்ளியில் ஒரு மாணவன் நூலிலிருந்து பன்னிரண்டு நகர்த்தல்களைப் பிசகின்றி ஒப்புவிப்பான். ஒரு நாள் எதிரில் இருந்த சிறுவன் ஐந்தாம் நகர்த்தலிலேயே நூலில் இல்லாத ஒன்றை ஆடினான். அது வலுவற்ற நகர்த்தல்தான். ஆனால் அதன் குற்றம் எங்கே இருக்கிறது என்று நம் மாணவனால் காண இயலவில்லை. விடையை உருப்போட்டு வந்தவன், வினாத்தாளில் ஓர் எண் மாறியதும் திகைத்து நிற்பானே, அவ்வாறு நின்றான்.

பின்வரிசையைக் கலைக்கும் எண்ணம் பழையது. கியூபா நாட்டு வெற்றியாளர் கப்பாபிளாங்கா 1920களில் வேறொரு வழி கூறினார்: பலகையை எண்பது கட்டங்களாக்கி, இரண்டு புதிய காய்களைச் சேர்க்க வேண்டும் என்றார். அது நிலைக்கவில்லை, அதற்கெனத் தனிப் பலகையும் தனிக் காய்களும் வாங்க யாருக்கு மனம் வரும்? இன்று நிலைத்திருக்கும் முறையை வகுத்தவர் அமெரிக்கரான பாபி ஃபிஷர். 1972இல் ரேக்யவிக் நகரில் ஸ்பாஸ்கியை வென்று உலகப் பட்டம் பெற்ற அவர், தம் முறையை 1996 ஜூனில் அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ் நகரில் அறிவித்தார். தொடக்க நூற்கல்வியில் தம் காலத்தவரை விஞ்சியிருந்தவரே அக்கல்வி பயனற்றுப்போகும் ஆட்டத்தை வகுத்தார் என்பது கவனிக்கத்தக்கது.

காலாட்கள் வழக்கமான இடத்திலேயே நிற்கும். பின்வரிசைக் காய்கள் மட்டும் இடம் மாறும். ஆனால் இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. மந்திரிகள் இருவரும் வெவ்வேறு நிறக் கட்டங்களில் நிற்க வேண்டும். அரசன் இரு யானைகளுக்கும் இடையே எங்கேனும் நிற்க வேண்டும். வெள்ளைக்கு அமைந்த வரிசையே கறுப்புக்கும் எதிரெதிராக அமையும். கட்டுப்பாடின்றி அடுக்கினால் 5,040 வரிசைகள் கிட்டும். கட்டுப்பாட்டுடன் எத்தனை? கறுப்புக் கட்டத்து மந்திரிக்கு நான்கு இடங்கள், வெள்ளைக் கட்டத்து மந்திரிக்கு நான்கு, பெருக்கப் பதினாறு. எஞ்சிய ஆறு இடங்களில் ஒன்றில் அரசி, ஆகத் தொண்ணூற்றாறு. மீந்த ஐந்தில் இரண்டைக் குதிரைகளுக்குப் பத்து வகையாகத் தெரிந்தெடுக்கலாம். கடைசி மூன்று இடங்களில் யானை, அரசன், யானை என்று ஒரே வகையில்தான் நிறுத்த இயலும். எனவே வரிசைகள் 960. வரிசை மாற்றங்களின் கணக்கை வகுப்பில் விளக்க இதனினும் இனிய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

வரிசையைத் தேர்ந்தெடுக்க ஒரு பகடைக் காய் போதும். முதலில் மந்திரிகளுக்காக உருட்டுக. ஐந்தோ ஆறோ விழுந்தால் மறுபடி உருட்டுக. பிறகு அரசி, பிறகு குதிரைகள், என இடப்புறமிருந்து வெற்றிடங்களை எண்ணி நிறுத்துக. விழும் எண்ணுக்கு உரிய வெற்றிடம் இல்லையெனில் திரும்பவும் உருட்டுக.

புதியவர்களைக் குழப்புவது கோட்டை கட்டுதலே. அரசனும் யானையும் எங்கிருந்து புறப்பட்டாலும், சேரும் இடம் பழைய ஆட்டத்தில் உள்ளதேயாகும். வெள்ளை ஆடுபவர் வலப்புறம் கட்டினால், அரசன் வலக்கோடியிலிருந்து இரண்டாம் கட்டத்திலும் யானை மூன்றாம் கட்டத்திலும் அமையும். இடப்புறம் கட்டினால், அரசன் இடக்கோடியிலிருந்து மூன்றாம் கட்டத்திலும் யானை நான்காம் கட்டத்திலும் அமையும். இரண்டும் அதுவரை அசையாதிருக்க வேண்டும், அவை கடந்து செல்லும் கட்டங்களில் வேறு காய் இருத்தலாகாது, அரசன் தாக்குதலைக் கடந்து செல்லலாகாது என்னும் நிபந்தனைகள் மாறா. சில வரிசைகளில் அரசன் ஏற்கெனவே உரிய கட்டத்தில் நிற்பான். அப்போது யானை மட்டும் நகரும்.

உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு ஏற்ற முதல் உலகப் போட்டி 2019இல் நார்வேயில் முடிவுற்றது. இறுதியில் வெஸ்லி சோ, கார்ல்சனை அவருடைய நாட்டிலேயே 13.5க்கு 2.5 என்ற கணக்கில் வென்றார். 2022இல் ரேக்யவிக்கில் நகமுரா பட்டம் பெற்றார். 2025 ஜூலையில் லாஸ் வேகாஸ் நகரில் இம்முறை ஆட்டமொன்றில் சென்னை இளைஞர் பிரக்ஞானந்தா கார்ல்சனைத் தோற்கடித்தார். வரிசையை மாற்றாமல் விதியை மட்டும் மாற்றுவாரும் உண்டு. கோட்டை கட்டுதலையே நீக்கலாம் என்றார் கிராம்னிக். 2021இல் டார்ட்முண்டில் அவ்வாறு நான்கு ஆட்டங்கள் ஆடி, நம் ஆனந்திடம் 2.5க்கு 1.5 எனத் தோற்றார்.

இதில் இழப்பு இல்லையா? உண்டு. பதினாறாம் நூற்றாண்டு ஸ்பானியப் பாதிரியார் ரூய் லோபஸின் பெயர் தாங்கிய தொடக்கம் இன்றும் ஆடப்படுகிறது. நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட அச்சிந்தனை வெறும் மனப்பாடம் அன்று. காரணம் அறிந்து கற்பவனுக்கு அது ஒரு கல்வி. குலைந்த வரிசையில் அக்கல்வியின் பெரும்பகுதி பயன்படாது. மேலும் சில வரிசைகளில் தொடக்கத்திலேயே ஒரு காலாளுக்குக் காவல் இராது. முதலில் ஆடுபவர்க்கு அது வாய்ப்பாகும். எனவே காய்களின் நடையே பழகாத சிறுவர்க்கு இதனைக் கற்பித்தல் ஆகாது என்பதே என் கருத்து. ஓராண்டேனும் பழைய வரிசையில் ஆடட்டும்.

ஆனால் பயிற்றுநருக்கும் நூல்களுக்கும் வசதியில்லாத சிற்றூர்ப் பிள்ளை, நகரத்துப் பிள்ளையுடன் ஆட நேரும்போது, எதிரி வீட்டிலிருந்து கொண்டுவந்த இருபது நகர்த்தல்களுக்கு இங்கே வேலை இல்லை. முதல் நகர்த்தலிலிருந்தே இருவரும் தாமே சிந்திக்க வேண்டும். திறமையின் வேறுபாடு நீங்கிவிடாது. பணத்தால் வந்த வேறுபாடு பெரிதும் குறையும். பள்ளிகளில் இதனை நடத்த விழைவோர் ஒவ்வொரு வரிசையையும் இருமுறை ஆடச் செய்தல் வேண்டும். முதல் ஆட்டத்தில் வெள்ளை ஆடியவன் அடுத்ததில் கறுப்பு ஆடுவான். வரிசையைப் பிள்ளைகள் முன்னிலையிலேயே, ஆட்டம் தொடங்கச் சில நிமிடங்களுக்கு முன்னர், அவர்களுள் ஒருவனைக் கொண்டே குலுக்கி எடுக்கச் செய்தல் நலம்.