வெற்றித் தெய்வத்தின் பலிபீடம்

உரோமப் பேரரசின் சமய மாற்றத்தைக் கூறப் புகுவோர் பெரும்பாலும் கான்ஸ்டன்டைனோடு தொடங்கி அவரோடே முடித்துவிடுவர். கி.பி. 313-இல் அவரும் லிசினியஸும் மிலான் நகரில் கண்ட உடன்பாடு, கிறித்தவர்க்கு மட்டுமன்றி எல்லார்க்கும் தாம் விரும்பிய சமயத்தைப் பின்பற்றும் உரிமையை அளித்தது. பத்தாண்டுகளுக்கு முன்னர் டயோக்ளீஷியன் தொடங்கிவைத்த கொடுமைகளை எண்ணுங்கால் இது பெரிய மாற்றமே. எனினும் அவ்வுரிமை எத்துணைக் காலம் நிலைத்தது என்பதே நாம் ஆராயத்தக்க வினா. விடை காண உரோமின் செனட் மண்டபத்தினுள் நுழைவோம்.

அங்கே கி.மு. 29-இல் அகஸ்டஸ் நிறுவிய வெற்றித் தெய்வத்தின் சிலையும் பலிபீடமும் இருந்தன. அவை கூடும்போது உறுப்பினர் அதன்முன் நறும்புகை இடுவது மரபு. கி.பி. 357-இல் இரண்டாம் கான்ஸ்டான்டியஸ் பீடத்தை அகற்றினார். பின்னர் அது மீண்டும் வைக்கப்பட்டது. 382-இல் கிரேஷியன் அதனை மறுபடி அகற்றியதோடு அமையாமல், பழஞ்சமயப் பூசகர்க்கும் வெஸ்டா தெய்வத்தின் கன்னியர்க்கும் அரசு வழங்கிவந்த மானியங்களையும் நிறுத்தினார். பீடத்தினும் மானியமே பெரிய அடி என்பது நம் கருத்து.

அடுத்த ஆண்டு கிரேஷியன் கொல்லப்பட்டார். 384-இல் உரோம் மாநகர ஆளுநராயிருந்த சிம்மாக்கஸ், மிலானில் வீற்றிருந்த இரண்டாம் வாலன்டினியனுக்கு ஒரு விண்ணப்பம் விடுத்தார். பேரரசர் அப்போது பதின்மூன்று வயதளவே நிரம்பிய சிறுவர். முதுமையுற்ற உரோம் நகரமே எழுந்து, தன் பழைய வழக்கங்களை விட்டுவைக்குமாறு இறைஞ்சுவதாக அமைந்த பகுதி அதில் புகழ்பெற்றது. பேசாப் பொருளைப் பேசவைக்கும் இவ்வுத்தி தமிழ் மாணவர்க்குப் புதிதன்று. உண்மையை நாடுவோர்க்கு வழிகள் பல என்பதே வாதத்தின் உயிர்நாடி. முந்திய ஆண்டு விளைச்சல் பொய்த்ததும் மானியம் பறித்ததன் விளைவே என்றார் அவர்.

மிலான் ஆயர் அம்புரோஸ், மாகாண ஆளுநராயிருந்து 374-இல் ஆயரானவர். ஆட்சியின் நெளிவுசுளிவுகளை அறிந்தவர். விண்ணப்பத்திற்கு இணங்கினால் தேவாலயம் பேரரசரை ஏற்காது என எச்சரித்தார். இவ்வாண்டு விளைச்சல் செழித்ததே, அதற்கு யார் காரணம் என்னும் பொருள்பட வினவினார். கிறித்தவம் குருதி சிந்தி வளர்ந்தது. பழஞ்சமயமோ அரசுப் பொருளின்றி நிற்க மாட்டாதா என்றும் இடித்துரைத்தார். கூரிய வாதந்தான். ஆயினும் கான்ஸ்டன்டைன் காலந்தொட்டுக் கிறித்தவக் குருமார் பெற்றுவந்த சலுகைகளை நினைவிற் கொண்டால் அதன் கூர் சற்றே மழுங்கும். மறுபுறம், 303-இல் தேவாலயங்கள் இடிக்கப்பட்டபோது பல வழிகளை ஏற்கும் பெருந்தன்மை எங்கே போயிற்று என்று சிம்மாக்கஸைச் சேர்ந்தாரை வினவவும் இடமுண்டு.

விண்ணப்பம் மறுக்கப்பட்டது. 391-இல் தியோடோசியஸ் பலியிடுதலையும் கோயில் வழிபாட்டையும் தடைசெய்தார். 392-இல் இல்லத்துத் தெய்வங்களுக்கு நறும்புகை இடுவதும் குற்றமாயிற்று. மிலான் உடன்பாடு கண்டு எண்பது ஆண்டுகள்கூட நிறைவுறவில்லை. அதே 391-இல் சிம்மாக்கஸ் கான்சல் பதவி பெற்றார் என்பது வியப்பே. கொள்கை தோற்றும் குடிப்பிறப்பின் மதிப்புக் குறையவில்லை போலும்!

இவ்வழக்கு நடந்த 384-இலேயே மிலான் நகருக்குச் சொல்லாற்றற் கலை கற்பிக்க ஓர் ஆசிரியர் தேவைப்பட்டார். சிம்மாக்கஸ் தேர்ந்து அனுப்பியவர் முப்பது வயதை எட்டிய அகஸ்டின். அங்குச் சென்ற அவர், முதலில் சொல்லழகை நாடியே அம்புரோஸின் மறையுரைகளைக் கேட்கலானார். 387-இல் அவர் கையாலேயே திருமுழுக்கும் பெற்றார்.