வீதியோரத்து நானா கடை

கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 வீதியில், கண்டியிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது நாலந்தா. வெளியூர்க்காரருக்கு இது கெடிகே இருக்கும் இடம். போவதென்ன நீர்த்தேக்கம் வந்தபோது கல் கல்லாகக் கழற்றி மேட்டிலே மறுபடி கட்டினார்களே, அந்தப் பழைய கற்கோயில். எங்களுக்கோ இது பஸ் ஏறும் ஊர். இங்கே ஏறினால் மாத்தளை, பிறகு கண்டி. அந்தப் பாதையிலுள்ள முஸ்லிம் சாப்பாட்டுக் கடைகளில் குந்தி எழும்பியே எனக்கு வயது போய்விட்டது. அவற்றின் ருசியை எழுத ஆளிருக்கிறது. அவை எதை நம்பி நடக்கின்றன என்பதைத்தான் நான் சொல்ல வருகிறேன்.

சிங்கள ஊர்களில் கடைக்குப் பெயர்ப்பலகை என்னவாக இருந்தாலும் மக்கள் வைக்கும் பெயர் வேறு. மரக்கறிச் சாப்பாடு என்றால் 'சைவக் கடே'. நம்மவர் கடை என்றால் 'தம்பி கடே'. இந்தத் 'தம்பி' என்ற சொல்லில் சில நேரம் ஏளனமும் கலந்திருக்கும். ஆனால் உள்ளே வந்து உட்கார்ந்தவர் முதலாளியை 'நானா' என்றுதான் கூப்பிடுவார். மதுபானம் இல்லாததால் பெண்களும் பிள்ளைகளும் தயங்காமல் வருவார்கள். லொறிச் சாரதி, தோட்டத்துத் தொழிலாளி, பன்சலைக்குப் போய்த் திரும்பும் குடும்பம் என்று எல்லாரும் ஒரே வரிசை மேசைகளில்தான்.

பிளேன்டி கேட்டால் கூடவே ஒரு தட்டு வரும். ரோல்ஸ், பெட்டிஸ், கட்லட், மாலு பணிஸ் என்று ஏழெட்டு அதில் கிடக்கும். நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் வைப்பார்கள். விரும்பியதைத் தின்றுவிட்டு எழும்பும்போது, "ரோல்ஸ் ரெண்டு, பெட்டிஸ் ஒண்டு, பிளேன்டி ஒண்டு" என்று நீங்களே கணக்குச் சொல்ல வேண்டும். தட்டில் மிச்சத்தை எண்ணிப் பார்க்கலாம்தான். சன நேரத்தில் யார் எண்ணுவது? வாடிக்கையாளர் வாயிலிருந்து வருவதே கணக்கு. தொடாமல் விட்டவை கண்ணாடிப் பெட்டிக்குத் திரும்பிப் போகும் என்பதால் சுகாதாரப் பரிசோதகருக்கு இந்த வழக்கம் பிடிக்காது. அவர் சொல்வதிலும் நியாயமிருக்கிறது. ஆனால் கடைக்காரர் வந்தவரை நம்புகிறார், வந்தவர் கடைக்காரரின் கையை நம்புகிறார். இந்த இரண்டும் சேர்ந்ததுதான் வியாபாரம்.

கொத்து ரொட்டியும் அப்படித்தான். கிழக்கிலங்கைக் கடைகளில் பிறந்து நாடெங்கும் பரவியது என்று சொல்வார்கள். வீச்சு ரொட்டியைத் துண்டாக்கி, முட்டை, வெங்காயம், மரக்கறி, இறைச்சிக் கறி சேர்த்து இரண்டு தகட்டால் கொத்துவது. தட்டுக்கல் பெரும்பாலும் கடை முகப்பிலே, வீதியைப் பார்த்தே இருக்கும். 'டக டக' சத்தம்தான் விளம்பரம். போடுவதெல்லாம் போகிற வருகிற எல்லார் கண்ணுக்கும் தெரியும்.

கண்டி நகரில் இதன் பெரிய வடிவத்தைப் பார்க்கலாம். தலதா வீதியில், மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில், 'முஸ்லிம் ஹோட்டல்' பெயரிலேயே தன்னைச் சொல்லிக்கொண்டு நிற்கிறது. தலதா மாளிகையின் பெயரைக் கொண்ட வீதியில் அந்தப் பலகை யாருக்கும் உறுத்தவில்லை. மணிக்கூட்டுக் கோபுரமே வாகன விபத்தில் மகனை இழந்த ஒரு முஸ்லிம் தந்தை ஊருக்குக் கட்டிக் கொடுத்தது. 1950 டிசம்பரில் பிரதமர் டி. எஸ். சேனாநாயக்க திறந்துவைத்தார்.

ஒரு காலத்தில் நமக்கும் ஹலால் என்பது கடைக்காரரின் பெயரும் முகமும்தான். பொதி செய்த உணவு பெருகியபோது அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா சான்றிதழ் கொடுக்கத் தொடங்கியது. பொது பல சேனாவின் எதிர்ப்புக்குப் பிறகு, 2013 மார்ச்சில், உள்ளூர்ச் சந்தைப் பொருட்களில் இலச்சினை கட்டாயமில்லை என்று உலமா சபை விட்டுக்கொடுத்தது. சான்றிதழ்ப் பணி பின்னர் ஹலால் அங்கீகாரப் பேரவையிடம் போனது. அன்று குறிவைக்கப்பட்டது பொதியிலிருந்த இலச்சினை. ஐந்து வருடத்தில் அது சாப்பாட்டு மேசைக்கே வந்தது.

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் கடையில் சாப்பிட வந்தவர், உணவில் கிடந்த கட்டியைக் காட்டி, மலடாக்கும் மாத்திரை கலந்ததாகக் கூச்சல் போட்டார். கூட்டம் சேர்ந்தது. சிங்களம் சரியாகத் தெரியாத கடைக்காரரைச் சூழ்ந்து கேள்வி கேட்டு, அவர் தலையாட்டியதைப் படம் பிடித்துப் பரப்பினார்கள். கடை உடைந்தது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் சொன்னது: அது மாவுக்கட்டி. அப்படி நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரையே உலகில் இல்லையென்று மருத்துவர்களும் சொன்னார்கள். ஆனால் படம் முந்திவிட்டது. ஒரு வாரத்துக்குள் திகனயில் வேறொரு காரணத்தால் தீ மூண்டபோது, இந்த மாத்திரைக் கதையும் கைபேசிகளில் சுற்றிக்கொண்டேயிருந்தது.

மாவு சரியாகக் கரையாவிட்டால் குழம்பில் கட்டி விழும். எந்தச் சமையற்காரரைக் கேட்டாலும் சொல்வார். வழக்கமான நாளில் "நானா, இதென்ன?" என்று கேட்பார்கள், வேறு தட்டு வரும், கதை முடியும். அந்த இரவில் அந்தக் கேள்வி கேட்கப்படவில்லை என்பதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது.

எங்கள் பக்கத்துக் கடைக்காரர்களுக்குச் சிங்களம் தாய்மொழி போல. வாடிக்கையாளரின் பிள்ளை எந்தப் பாடசாலை என்பதுவரை தெரியும். கிழக்கிலிருந்து புதிதாக வந்து காசு மேசையில் உட்காரும் பொடியனுக்கு அது இருக்காது. ஆகவே நம் சங்கங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் கடைகளுக்கு ஏதாவது செய்ய நினைத்தால், கமரா பூட்டுவதற்கு முன்னால், காசு மேசையில் இருப்பவருக்குச் சிங்களம் படித்துக்கொடுக்க ஒரு மாலை வகுப்பு வைக்கலாம். கடை மூடும் நேரம் பிந்துவதால் அதைக் காலையில் வைத்தாலும் சரி.