டிரைவரா, கண்டக்டரா... யாருக்கு ஹார்ட் ஸ்ட்ராங்?

காலையில சிஸ்டம் முன்னாடி உட்கார்ந்தா, மெஸ் மணி அடிக்கிற வரைக்கும் எழுந்திருக்காத பார்ட்டியா நீங்க? அப்போ இந்த லண்டன் மேட்டர் உங்களுக்குத்தான்.

1940-களின் கடைசி. பிரிட்டனில் மாரடைப்பு சாவுகள் ஏறிக்கிட்டே போச்சு. ஜெர்ரி மாரிஸ்னு ஒரு டாக்டர், டபுள் டெக்கர் பஸ்களைக் குறிவச்சார். ஒரே பஸ், ஒரே ரூட். டிரைவர் சீட்டை விட்டு நகரமாட்டார். கண்டக்டரோ டிக்கெட் கொடுக்க ஒரு நாளைக்கு 500 முதல் 750 படி ஏறுவார். 1953-ல் 'லான்செட்' இதழில் ரிசல்ட் வந்தது. கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. வந்தாலும் லேட்டா வந்தது, கடுமையும் கம்மி.

'குண்டா இருந்தவங்களே டிரைவர் வேலைக்குப் போயிருக்கலாமே?' சபாஷ், சரியான கேள்வி! மாரிஸுக்கும் அதே டவுட். மனுஷன் யூனிஃபார்ம் பேன்ட்டோட இடுப்பளவையே தோண்டி எடுத்துட்டார்! டிரைவர்களோட பேன்ட் நிஜமாவே பெருசுதான்னு 1956-ல் எழுதினார். ஆனா ஒல்லி, நடுத்தரம், தொப்பைனு எந்த சைஸ்ல ஒப்பிட்டாலும், ஆபத்து குறைவு கண்டக்டருக்குத்தான்னு பிற்பாடு தெரிஞ்சது. (எங்க லேப்ல இப்படி கிராஸ்-செக் பண்ணினா புரொபஸர் ஆனந்தக் கண்ணீரே விடுவார்!)

அப்போ படி ஏறினா போதுமா? அங்கதான் சிக்கல். 1967-ல் லண்டன் அரசு ஆபீஸ்கள்ல வேலை பார்த்த சுமார் 18,000 ஆண்களை வச்சு 'வொயிட்ஹால்' ஆய்வு தொடங்கிச்சு. டென்ஷன்ல சாகறது பெரிய அதிகாரிங்கதானேனு நினைப்போம். நேர் எதிர்! கடைநிலை ஊழியர்கள் இதய நோயில் இறந்த விகிதம், உச்சத்துல இருந்தவங்களைவிட மூணு மடங்குக்கும் மேல. சிகரெட், பிரஷர், கொலஸ்ட்ரால் எல்லாத்தையும் கழிச்சுப் பார்த்தாலும் பெரிய வித்தியாசம் மிச்சமிருந்தது. தன் வேலையை எப்படிச் செய்யறதுனு தானே முடிவு பண்ண முடியாதவங்களுக்கு இதய நோய் அதிகம்னு 1985-ல் தொடங்கின அடுத்த ஆய்வு காட்டிச்சு. 'டெய்லி ஜாகிங் போங்க சார்'னு அட்வைஸ் பண்றது ஈஸி. ரெண்டு ஷிஃப்ட் பார்க்கிறவர் எப்போ போவார்?

நம்ம பக்கம் வருவோம். 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயசு 53. மத்தவங்களுக்கு கிட்டத்தட்ட 59.

உங்க அப்பாவுக்கு இப்போ என்ன வயசு? இந்த வாரம் ஊருக்குப் போனா, கடைசியா பிரஷரும் சுகரும் எப்போ டெஸ்ட் பண்ணினார்னு கேட்டுட்டு வாங்க. அம்மாகிட்டயும்!