கணினிக்குள் ஒரு காவற்காரர்

பத்து பாகாட் வட்டாரத்தில், பாரிட் ராஜாவிலுள்ள துன் உசேன் ஓன் பல்கலைக்கழகத்தில் உங்கள் வீட்டுப் பிள்ளை கணினி படித்தால், 'வாட்ச்பாயிண்ட்' என்ற சொல்லை ஒருநாள் வீட்டில் சொல்லக்கூடும். அதைப்பற்றி இன்று பேசுவோம்.

பால் நிறுக்கும் இடத்தில் கிராணியார் ஒருவர் பெயருக்கு நேரே 18 கிலோ என்று எழுதுகிறார். சம்பள நாளில் பார்த்தால் 8 என்றிருக்கிறது. இடையில் எத்தனையோ பேர் கைபட்ட புத்தகம். யாரைக் கேட்பது? கணினியின் நினைவகமும் இப்படித்தான். கெடுத்த கட்டளை ஓரிடம், கேடு தெரிவது வேறிடம். ஒவ்வொரு கட்டளைக்கும் நிறுத்தி அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் வேலை நத்தையாக ஊரும்.

அதனால் சில்லுக்குள்ளேயே காவல் வைத்தார்கள். இன்டெல் நிறுவனம் 1985-இல் வெளியிட்ட 80386 சில்லில் 4 காவற்காரர்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு முகவரி. அங்கே யாராவது எழுதினால் உடனே வேலை நிற்கும். எழுதிய கட்டளையும் அகப்படும்.

சிக்கல் பிறகுதான் வந்தது. நிரல்களில் பிழை தேடுபவருக்கும் இவர்கள் வேண்டும். கணினியை ஆளும் 'கெர்னல்' என்ற மைய நிரலுக்கும் வேண்டும். ஒரே காவற்காரரிடம் இருவர் வெவ்வேறு உத்தரவு போட்டால் என்ன ஆகும்? போதாதற்கு, ஐ.பி.எம். நிறுவனத்தின் பவர் சில்லுகளில் நெடுங்காலம் தரவுக்கு ஒரே காவற்காரர்தான். அவர் எழுதுவதற்கு முன்பே கையைப் பிடிப்பார். இன்டெல்காரர் எழுதிய பின் பிடிப்பார்.

லினக்ஸ் கெர்னலில் இதற்கு ஒரு பொது வழி காண ஆலன் ஸ்டெர்ன் 2007-இல் முனைந்தார். 2009-இல் ஐ.பி.எம்.மைச் சேர்ந்த கே. பிரசாத் அதைத் தொடர்ந்தார். பிரெடெரிக் வைஸ்பெக்கர் மாற்றி அமைத்தார். 2010 பிப்ரவரியில் 2.6.33 பதிப்பில் அது வெளிவந்தது.

கேட்பவர் மூன்றே விவரம் சொன்னால் போதும்: எந்த முகவரி, எத்தனை பைட், எழுதுவதா படிப்பதா அல்லது கட்டளையாக இயக்குவதா. எந்தக் காவற்காரர் என்று சொல்ல வேண்டியதில்லை. மேல்தட்டு எல்லாச் சில்லுக்கும் ஒன்று. அந்தந்தச் சில்லின் குணம் கீழ்த்தட்டுக்கு மட்டுமே தெரியும். ஒரு நிரலுக்கென வைத்த காவல், அந்த நிரல் ஓடும்போது மட்டும் நிற்கும். காவற்காரர் மீதமில்லை என்றால் கேட்டவுடனே "இடமில்லை" என்று பதில் வரும். நம் கருத்தில் இந்த ஏற்பாட்டில் உயர்ந்தது இதுவே. காவல் உண்டு என்று தலையாட்டிவிட்டு ஆளை வைக்காமல் போனால், "யாரும் தொடவில்லை" என்று நம்பி, தவறில்லாத இடத்தை நாட்கணக்கில் துருவிக்கொண்டிருப்பார்கள்.

எல்லா வேற்றுமையையும் மறைக்க முடியவில்லை. படிப்பதை மட்டும் கவனி என்றால் இன்டெல் சில்லுக்கு வராது. அந்தக் கோரிக்கை மறுக்கப்படும். எழுதிய பிறகே அது பிடிப்பதால் பழைய எண் அழிந்திருக்கும். அது வேண்டுமென்றால் முன்கூட்டியே ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.