கிணற்றில் பொங்கிய எரிமலை

1977 செப்டம்பரில், ஐஸ்லாந்தின் வடகிழக்கே நீராவிக்காகப் போட்டிருந்த 1,138 மீட்டர் ஆழ்துளைக் கிணறு ஒன்று திடீரென்று நெருப்பைக் கக்கியது. குழாய் வழியே பாய்ந்த எரிமலைக் குழம்பு, ஏறக்குறைய 3 டன் கல்லாகச் சுற்றிலும் சிதறிவிட்டு, சற்று நேரத்தில் அடங்கியது. வடக்கே கிராஃப்லா எரிமலையின் அடியிலிருந்து நிலத்தடி விரிசல் வழியே அது அங்கு வந்திருந்தது.

வட அமெரிக்க, யூரேசியத் தட்டுகள் இங்கே ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் விலகுகின்றன. ஆனால் நிலம் ஆண்டுதோறும் ஒழுங்காகப் பிளப்பதில்லை. நெடுங்காலம் பொறுத்திருந்து, பழைய பாக்கியை மொத்தமாகத் தீர்ப்பதுபோல் பிளக்கிறது. 1729-ல் ஓய்ந்த கிராஃப்லா எரிமலை 1975 டிசம்பரில் விழித்தது. 1984-க்குள் ஒன்பது முறை வெடித்தது. சில இடங்களில் நிலம் 8 மீட்டர் வரை அகன்றது.

நிலத்தடிச் சூட்டிலிருந்து நீராவி எடுக்கும் புவிவெப்ப வயல் பிழைத்திருப்பதே இந்தப் பிளவுகளால்தான். மழைநீரும் உருகிய பனியும் அவற்றின் வழியே இறங்கி, அடியிலுள்ள சூட்டில் கொதித்து மேலேறுகின்றன. வழியெல்லாம் பாறையிலிருந்து கரைத்துவந்த சிலிக்காவை, சூடு குறையும் இடத்தில் அந்த நீரே படியவிடுகிறது. விரிசல்கள் மெல்ல மெல்ல அடைபடுகின்றன. நில அதிர்வு வந்து அவற்றை மறுபடி திறந்துவிடாவிட்டால், கீழே எவ்வளவு சூடு இருந்தும் பயனில்லை. அந்தச் சூடும் நிரந்தரமல்ல. புதுக் குழம்பு வந்து சேராவிட்டால் பாறை ஆறிப்போகும். பூகம்பத்தை வரவேற்க வேண்டிய தொழில் இது ஒன்றாகத்தான் இருக்கும்!

வரவேற்புக்கும் எல்லை உண்டு. கிராஃப்லாவில் மின்நிலையம் கட்டிக்கொண்டிருந்தபோதே, சில கிலோமீட்டர் தொலைவில் எரிமலை வெடித்தது. புதுக் குழம்பிலிருந்து கிளம்பிய வாயுக்கள் கிணற்று நீரை அமிலமாக்க, எஃகுக் குழாய்கள் அரித்துப்போயின. தலா 30 மெகாவாட் திறனுள்ள இரண்டு டர்பைன்கள் வாங்கியிருந்தும், ஒன்றுக்குத்தான் நீராவி கிடைத்தது. வாயுக்கள் தணிந்து, புதுக் கிணறுகள் போட்டு, இரண்டாவது ஓடத் தொடங்கியபோது 1997 ஆகிவிட்டது.

2009-ல் அதே இடத்தில் 4 கிலோமீட்டருக்கும் கீழே போகலாம் என்று துளையிட்டார்கள். 2.1 கிலோமீட்டரிலேயே துளைக்கருவி சிக்கிக்கொண்டது. மேலே வந்த துகள்களில் கண்ணாடிச் சில்லுகள்: சுமார் 900 டிகிரி சூட்டில் கிடந்த குழம்பு, துளையிடும் நீர் பட்டு உறைந்தவை. அங்கே குழம்பு இருப்பதை முன்கூட்டி எந்த ஆய்வும் காட்டியிருக்கவில்லை. பின்னர் அந்தக் கிணறு 450 டிகிரி நீராவி தந்தது; வால்வுகள் அதைத் தாங்காததால் 2012-ல் மூடப்பட்டது. இப்போது அதே குழம்பை நோக்கி, இந்த முறை வேண்டுமென்றே, துளையிடத் திட்டமிட்டு வருகிறார்கள்.