வாந்திக்கு ஒரு மாத்திரை, நொண்டலுக்கு ஒரு மாத்திரை

வளர்ப்பு நாய்க்குச் செரிமானக் கோளாறும் நடைக் கோளாறும் அடுத்தடுத்துத் தோன்றி மாதக்கணக்கில் விடாமல் தொடரும்போது, அவற்றை இரண்டு தனி நோய்களாகக் கொண்டு வாந்திக்கு ஒரு மாத்திரையும் நொண்டலுக்கு ஒரு மாத்திரையும் கொடுத்துவருவது, வடபழனி போன்ற அடுக்ககங்கள் நெருங்கிய பகுதிகளில் மிகச் சாதாரணமாகக் காணப்படும் வழக்கம். ஒரே நோய் இரண்டையும் விளைவித்திருக்கலாம் என்பதும், ஒன்றைத் தணிக்கக் கொடுத்த மருந்தே மற்றொன்றை உண்டாக்கியிருக்கலாம் என்பதும் இவ்வழக்கத்தில் கவனிக்கப்படாமற் போகின்றன. முதிய நாய்களில் இரண்டும் தொடர்பற்றவையாக இருப்பதும் உண்டு. எனினும் எது முதலில் வந்தது, அதற்கு என்ன கொடுக்கப்பட்டது, அதன் பின் என்ன மாறியது என்ற வரிசையைத் தெரிந்துகொள்ளாமல் அந்த முடிவுக்கு வர இயலாது.

'நாய் நடக்கவில்லை' என்னும் புகாரே நான்கு வேறு நிலைகளைக் குறிக்கக்கூடியது. மூட்டு வலியால் காலை ஊன்ற மறுக்கலாம், முதுகுத்தண்டில் நரம்பு அழுந்தியதால் கால் எங்கே இருக்கிறது என்ற உணர்வை இழக்கலாம், தசை நலிந்திருக்கலாம், காலில் ஒரு குறையும் இல்லாமல், ரத்தச்சோகையால் மாடிப்படி ஏறும் வலு மட்டும் குறைந்திருக்கலாம். நிற்கும் நாயின் பாதத்தை மருத்துவர் மெல்லப் புறங்காலாக மடித்து வைக்கும்போது, நரம்பு நலமாக இருந்தால் அது உடனே பாதத்தைத் திருப்பி ஊன்றும், நரம்பு பழுதுபட்டிருந்தால் மடித்தபடியே விட்டுவிடும். கருவி எதுவும் தேவைப்படாத இச்சோதனை, விசாரணையின் பாதித் திசையைத் தீர்மானித்துவிடுகிறது. முதுகு வலியுள்ள நாய் குந்தி அமர முடியாமல் மலத்தை அடக்கிவைப்பதும், கணையம் அழன்ற நாய் வயிற்று வலியால் முன்னங்கால்களை நீட்டி முதுகை வளைத்து நிற்பதும் உண்டு என்பதால், முதுகு நோய் மலச்சிக்கலாகவும் வயிற்று நோய் முதுகு வலியாகவும் எளிதில் தவறாகக் கருதப்படுகின்றன.

இத்தகைய நீடித்த நலிவுக்குச் சென்னையில் முதலில் ஐயுற வேண்டியது உண்ணி வழிப் பரவும் நோய்களை; அவற்றுள் ஒன்று அறிவியலுக்கு அறிமுகமானதே இந்நகரத்தில்தான். 1910-ல், கிண்டி கிங் ஆய்வகத்தில் பணியாற்றிய டபிள்யூ. எஸ். பேட்டன், நரி வேட்டைக்கென ஐரோப்பியர் நடத்திவந்த 'மெட்ராஸ் ஹன்ட்' அமைப்பின் வேட்டை நாய்களின் ரத்தத்தில் சிவப்பணுக்களுக்குள் வாழும் ஒரு நுண்ணிய ஒட்டுண்ணியைக் கண்டு, அதையே பின்னர் நரியின் ரத்தத்திலும் கண்டறிந்து, தம் அறிக்கையை வெளியிட்டார். இன்று பாபீசியா கிப்சோனி எனப்படும் அவ்வொட்டுண்ணி சிவப்பணுக்களை உடைத்து ரத்தச்சோகையை உண்டாக்குகிறது. உண்ணிகள் மூலம் மட்டுமன்றி, நாய்கள் கடித்துச் சண்டையிடும்போது ரத்தம் வழியாகவும் பரவுகிறது. கிண்டியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள வடபழனியில், படி ஏறாமல் படுத்துக்கொள்ளும் நாயை வயதாகிவிட்டது என்றோ இடுப்பெலும்பு தேய்ந்துவிட்டது என்றோ முடிவுகட்டுவதற்கு முன், அதன் ஈறு வெளுத்திருக்கிறதா என்று உதட்டைத் தூக்கிப் பார்ப்பது நல்லது.

இவ்வகையில் இன்னும் பரவலாகப் பேசப்படுவது எர்லிக்கியா கேனிஸ் என்னும் பாக்டீரியா. 1935-ல் அல்ஜீரியாவில் முதலில் விவரிக்கப்பட்ட இது, வியட்நாம் போரின்போது அமெரிக்கப் படையின் ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களைப் பெருமளவில் கொன்ற பிறகே உலகின் கவனத்துக்கு வந்தது. வெள்ளணுக்களில் தங்கும் இக்கிருமி, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைக் குறைப்பதால் குடலில் ரத்தம் கசிந்து மலம் கருக்கலாம். கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதக் கூட்டுகள் மூட்டுகளில் படிந்து வீக்கம் தருவதால் இன்று ஒரு காலிலும் அடுத்த வாரம் வேறொரு காலிலும் நொண்டல் தோன்றலாம். பசியின்மையும் வாந்தியும் உடன் சேரலாம். முதல் காய்ச்சல் தானாகவே தணிந்து மாதங்களோ ஆண்டுகளோ ஓசையின்றி இருந்த பின் மீண்டும் தலைதூக்கும் இயல்புடையதால், 'அந்தக் காய்ச்சல் எப்போதோ சரியாகிவிட்டது' என்று வீட்டார் சொல்லாமல் விடும் செய்தியே பெரும்பாலும் துப்பாக அமைகிறது.

ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கும் எளிய முறை இன்றும் முதல் படியே. காது நுனியிலிருந்து எடுக்கும் துளியில் பாபீசியா அகப்படும் வாய்ப்புச் சற்றுக் கூடுதல். ஆனால் நாட்பட்ட நோயில் ஒட்டுண்ணிகள் மிகக் குறைவாகவே சுற்றிவருவதால், சில்லில் ஒன்றும் தெரியவில்லை என்பது நோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது. அந்நிலையில் கிருமியின் மரபுப்பொருளையே தேடும் பிசிஆர் சோதனை தேவைப்படுகிறது. எர்லிக்கியாவுக்கு வழக்கமாக நான்கு வாரம் கொடுக்கப்படும் டாக்சிசைக்ளின் பாபீசியா கிப்சோனியை ஒழிப்பதில்லை; வெறும் வயிற்றில் கொடுத்தால் அதுவே வாந்தியையும் வருவிக்கிறது.

நாய் உண்ணி வீட்டுக்குள்ளேயே முழு வாழ்க்கைச் சுழற்சியையும் முடித்துக்கொள்ள வல்லது என்பதை அடுக்ககவாசிகள் பலர் அறிவதில்லை. ஒவ்வொரு பருவத்திலும் ரத்தம் குடித்த பின் அது நாயிலிருந்து உதிர்ந்து சுவர் விரிசலிலும் கதவு நிலையிலும் ஒளிந்துகொள்கிறது. பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. அதைக் கொல்லும் குளிர்காலமும் சென்னைக்குக் கிடையாது. நாயின் மேல் உண்ணி காணப்படாத நாளிலும் அது வீட்டில் இருக்கக்கூடும்.

உண்ணியை விட்டால், மருந்துப் பெட்டியை ஆராய வேண்டும். நொண்டும் நாய்க்கு வீட்டிலிருக்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற மனித வலி மாத்திரையைக் கொடுத்தால் இரைப்பைச் சுவர் புண்ணாகி வாந்தியும் கருமலமும் தொடங்குகின்றன. பாறு கழுகுகளின் அழிவுக்குக் காரணமானதால் கால்நடைப் பயன்பாட்டுக்கு 2006-ல் இந்திய அரசு தடை செய்த டைக்ளோஃபினாக், மனிதருக்கான மாத்திரையாக இன்றும் வீடுகளில் இருக்கிறது. இதன் மறுதலையும் உண்மை: பேதிக்கென மெட்ரோனிடசோல் மாத்திரையை அதிக அளவிலோ நெடுநாளோ கொடுத்தால், அது மூளையின் சமநிலைப் பகுதியைத் தாக்கி நாய் தள்ளாடி நடக்கத் தொடங்குகிறது, கண்மணிகள் துடிக்கின்றன, மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் தேறிவிடுகிறது. ஆகவே மருத்துவர் முதலில் கேட்க வேண்டியது மருந்துச் சீட்டுகளை. சீட்டில்லாமல் கொடுத்தவற்றையும் வீட்டார் கூச்சமின்றிச் சொல்வது அவசியம்.

குட்டிகளில் உணவே காரணமாவதும் உண்டு. தயிர்ச் சோறும் எலும்பு நீக்கிய கோழிக்கறியும் அன்போடு ஊட்டப்படும் உணவு என்பதில் ஐயமில்லை. ஆனால் இறைச்சியில் பாஸ்பரஸ் மிகுந்து கால்சியம் மிகக் குறைந்திருப்பதாலும், சோற்றில் கலக்கும் கொஞ்சத் தயிர் அக்குறையை ஈடுசெய்யப் போதாமையாலும், கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி ரத்தத்தின் கால்சிய அளவைக் காக்க எலும்பையே கரைத்து எடுக்கிறது. மென்மையான எலும்புகள் வளைந்தும் மடிந்து முறிந்தும் குட்டி நடக்க வலிபடுகிறது. இடுப்பெலும்பு நசுங்கி மலவழி குறுகினால், வளர்ந்த பின்னும் தீராத மலச்சிக்கல் எஞ்சுகிறது.

எளிதில் அகப்படாத இன்னொரு காரணம், சிறுநீரகத்தை ஒட்டியுள்ள அட்ரீனல் சுரப்பி செயலிழக்கும் அடிசன் நோய். வந்து வந்து போகும் வாந்தி, பேதி, பின்னங்கால் தளர்ச்சி, ட்ரிப்ஸ் ஏற்றியவுடன் வியக்கத்தக்க தேறுதல், சில வாரங்களில் மீண்டும் சரிவு என்பதே இதன் போக்கு. ரத்தத்தில் சோடியத்துக்கும் பொட்டாசியத்துக்கும் உள்ள விகிதம் 27-க்குக் கீழே இறங்கினால் ஐயம் வலுக்கிறது; விகிதம் இயல்பாகவே இருக்கும் நாய்களும் உண்டு என்பதால், சுரப்பியைத் தூண்டிக் கார்டிசால் அளவைப் பார்க்கும் சோதனையே உறுதி தருகிறது.

வேப்பேரியில் 1903 முதல் இயங்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கோ, அருகிலுள்ள மருத்துவரிடமோ செல்லும்போது, புதிய மலத்தையும் நாய் நடக்கும் செல்பேசிக் காணொளியையும் உடன் கொண்டுசெல்வது பேருதவி. வீட்டில் நொண்டும் நாய், மருத்துவமனைப் பதற்றத்தில் நேராக நடந்துகாட்டிவிடும். எக்ஸ்ரேயும் ஸ்கேனும் முழு ரத்தப் பரிசோதனைக்குப் பின் வரலாம். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னரே பிரெட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டிருந்தால் சிக்கல் கூடுகிறது: மூட்டு வீக்கம், குடல் அழற்சி, அடிசன் நோய் ஆகிய மூன்றுமே அதில் சிறிது காலம் தணிந்துவிடுவதால், நாய் தேறியது என்பதிலிருந்து எந்த நோய் என்று சொல்ல முடியாது, பிரெட்னிசலோனையே கார்டிசாலாக அளந்து தவறான எண்ணைத் தரக்கூடிய சோதனைக்கும், மருந்தின் தாக்கம் நீங்கும் வரை காத்திருக்க வேண்டியதாகிறது.