வெடி வைக்காமலும் பாறை பிளக்கும்

“கருங்கல்லுங்க, வெடி வைக்காம நகராது.” புதுக்கோட்டைப் பக்கம் கிணற்றை ஆழப்படுத்தவோ, மனையில் துருத்தி நிற்கும் பாறையை எடுக்கவோ ஆள் கூப்பிட்டால் முதலில் கேட்கிற பதில் இது. இதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஹைட்ராலிக் பிளப்பான் என்ற கருவி இருக்கிறது. வீட்டை ஒட்டிய இடத்தில் அதைக் கேட்டு வாங்குவதே நல்லது.

கல் உடைப்பவர்கள் குழி அடித்து ஆப்பு இறக்கும் பழைய முறைதான் இதற்கும் அடிப்படை. கம்பரசர் வைத்து வரிசையாகக் குழி போடுகிறார்கள். குழிக்குள் இரண்டு எஃகுத் தகடுகளும் அவற்றுக்கு நடுவே ஓர் ஆப்பும் இறங்குகின்றன. பம்பு ஏறத்தாழ 500 பார் அழுத்தத்தில் எண்ணெயைத் தள்ள, ஆப்பு தகடுகளை விரிக்கிறது. பாறையும் கான்கிரீட்டும் நசுக்கினால் நன்றாகத் தாங்கும், இழுத்துப் பிரித்தால் அந்த அளவுக்குத் தாங்காது. கான்கிரீட்டின் இழுவிசைத் திறன் அதன் அமுக்கத் திறனில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். அதனால் குழி வரிசையிலேயே விரிசல் ஓடுகிறது. கல் பறப்பதில்லை, சுவர் அதிர்வதில்லை. வேலை மெதுவாக நடக்கும் என்பது உண்மை. கான்கிரீட்டை உடைப்பதானால் உள்ளிருக்கும் கம்பியையும் தனியாக அறுக்க வேண்டும்.

ஆபத்தே இல்லை என்றும் நினைக்கக் கூடாது. குழி போடும்போது கிளம்பும் சிலிக்கா தூசு நுரையீரலை இறுக்கி சிலிகோசிஸ் நோயைக் கொண்டுவரும். அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. தண்ணீர் விட்டுத்தான் துளையிட வேண்டும். வாயில் கட்டும் துண்டு இந்தத் தூசைத் தடுக்காது. அழுத்தம் ஏறியிருக்கும் குழாயின் அருகே யாரும் நிற்கக் கூடாது. வேலையால் நோயோ காயமோ வந்தால் சட்டப்படி தொழிலாளிக்கு இழப்பீடு கேட்கும் உரிமை உண்டு.

வெடிதான் வைப்பார்கள் என்றால், உரிமம் பெற்றவர் மட்டுமே அதைக் கையாளலாம். சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் 1997 சுற்றறிக்கைப்படி, குறைந்த அதிர்வெண்ணில் சாதாரண வீடுகளுக்கு நொடிக்கு 5 மில்லிமீட்டர், வரலாற்றுச் சின்னங்களுக்கு 2 மில்லிமீட்டர் என்பதே அதிர்வின் வரம்பு. சித்தன்னவாசல், குடுமியான்மலை, திருமயம் போன்ற பழஞ்சின்னங்கள் இருக்கும் மாவட்டத்தில் இந்த இரண்டாவது எண் மிக முக்கியம். தொல்லியல் துறை காக்கும் சின்னங்களைச் சுற்றி முதல் 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கடுத்த 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி.

ஊருக்கு அருகே கல்குவாரி இருந்தால், குவாரிக்காரர் “நாங்கள் வெடியே வைப்பதில்லை, மெஷினில்தான் உடைக்கிறோம்” என்று சொல்லலாம். அதனால் அனுமதி வேண்டாம் என்று ஆகிவிடாது. தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள், குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரிக்குக் குத்தகை தரத் தடை விதிக்கின்றன. எந்த முறையில் உடைத்தாலும் குத்தகையும் சுற்றுச்சூழல் அனுமதியும் வேண்டும்.

குவாரி வெடியால் வீட்டுச் சுவரில் விரிசல் கண்டால் தேதியோடு படம் எடுங்கள். விரிசலின் குறுக்கே சுண்ணாம்புச் சாந்தைப் பட்டையாகப் பூசித் தேதி எழுதுங்கள். பட்டை உடைந்தால் விரிசல் வளர்கிறது என்பதற்கு அதுவே சான்று. வெடிச் சத்தம் கேட்ட நேரங்களையும் குறித்துவையுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள், நகலைக் கனிமவளத் துறைக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் அனுப்புங்கள். குத்தகை வரைபடத்தை 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். பொதுத் தொல்லையை நிறுத்த உத்தரவிடும் அதிகாரம் கோட்டாட்சியருக்கு உண்டு. சென்னையில் உள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் இழப்பீடு கேட்க 5 ஆண்டு அவகாசம் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். திருமயம் பகுதியில் சட்டவிரோதக் குவாரிகள் மீது தொடர்ந்து புகார் கொடுத்த ஜகபர் அலி, 2025 ஜனவரியில் லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். வழக்கு சிபிசிஐடி விசாரணைக்குப் போனது. அதனால் யாரும் தனியாளாகப் புகார் கொடுக்காதீர்கள். ஊரே சேர்ந்து கையெழுத்திடுங்கள், கிராமசபையில் தீர்மானம் போடுங்கள், மிரட்டல் வந்தால் அன்றைக்கே காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுங்கள்.